எழுதாத பங்கும் கடல் கடந்த வழக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர் ஆயத்துல் குர்ஸீ என்பார்கள். அடிக்கடி ஓதுவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அந்த இடம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்துக்குரியது. அது தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். தமக்குத் தெரிந்த எழுத்தை எழுத மறுக்கக் கூடாது. கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவர் இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது. இப்படிக் கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன. கைக்குக் கை மாறும் வியாபாரத்துக்கு மட்டும் எழுத்திலிருந்து விலக்கு உண்டு. அடுத்த வசனம் பயணிகளுக்குரியது. பயணத்தில் எழுதுபவர் கிடைக்காவிட்டால் அடைமானப் பொருளைக் கைக்கொள்ள அது வழி சொல்கிறது.

பயணிகளின் சமுதாயம் நாம். சபுராளி என்று நம் ஊர்களில் ஒரு சொல்லே உண்டு. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று துபையிலும் ரியாதிலும் தோஹாவிலும் தொழில் செய்கின்றனர். ஆனால் அந்த வசனத்தை ஓதும் அளவுக்கு அதன்படி நடக்கிறோமா? கடல் கடந்து நடக்கும் நம் வியாபாரங்களில் பெரும்பகுதி இன்றும் வாய்ச்சொல்லில் நிற்கிறது. வழக்கறிஞர் என்றால் சண்டை வந்தபின் தேடிப் போகும் மனிதர் என்றே நினைக்கிறோம். தொழில் தொடங்கும் நாளில் அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை முதலின் ஒரு பகுதியாகக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. கடைக்கு அலமாரி வாங்குவதைப் போலத்தான் அதுவும்.

முன்னோர் எழுதாமலா பிழைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கூட்டாளிகள் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். வாக்குத் தவறியவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். முத்தவல்லி அழைத்துக் கேட்பார். பள்ளிவாசல் வாசலில் முகம் காட்ட முடியாது. அந்தக் கூச்சமே அன்றைக்குச் சட்டம். இன்று ஒரு கூட்டாளி மலையாளி, மற்றொருவர் பாகிஸ்தானியர், உரிமம் அரபியின் பெயரில், வங்கிக் கணக்கு வேறொரு நாட்டில், வாரிசுகள் இராமநாதபுரம் மாவட்டத்தில். எந்த முத்தவல்லி இவர்களை அழைத்துக் கேட்பது?

ஃபராயிள் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி மதரஸாவுக்கு வரும் குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் நிலை ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் துபையில் மளிகைக்கடை நடத்துகிறார். டிரேட் லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. தம்பி சவூதியில் வேலை பார்த்து ஆறேழு ஆண்டுகள் பணம் அனுப்பி அந்தக் கடையில் பாதி முதலைப் போட்டிருக்கிறார். எழுத்து எதுவும் இல்லை. காக்காவிடம் எழுதிக் கேட்பது எப்படி? அண்ணன் திடீரென மௌத்தாகிறார். வங்கிக் கணக்குகள் முடக்கப்படுகின்றன. அமீரக நீதிமன்றம் வாரிசுச் சான்று கேட்கிறது. ஆவணங்களின்படி கடை முழுவதும் அண்ணனுடையது. எனவே அது அவருடைய மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் உரிய மீராஸ். தம்பி அங்கே கூட்டாளியாக நிற்க முடியாது. கடன் கொடுத்தவர் என்ற நிலையில் நிற்க வேண்டுமானாலும் ஆதாரம் வேண்டும்.

மார்க்கச் சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. மய்யித்தின் கடனை அடைத்து, வசிய்யத்தை நிறைவேற்றிய பிறகே பங்கீடு. ஆனால் கடன் என்று சொல்பவர் அதை நிறுவ வேண்டும். ஆதாரம் வாதிப்பவர் மீது, சத்தியம் மறுப்பவர் மீது என்பது நபிமொழி தந்த விதி. அந்த விதவை பொய் சொல்லவில்லை. கணவர் அவரிடம் கடைக் கணக்கைப் பேசியதே இல்லை. தமக்குத் தெரியாது என்றுதான் அவர் சத்தியம் செய்வார், அது உண்மையும்கூட. ஒருவரும் பொய் சொல்லாமல் ஒரு குடும்பம் உடைந்து போகிறது. தம்பிக்குத் தம் பங்கு போயிற்று. அண்ணனின் யதீம் பிள்ளைகளுக்குச் சிறிய தந்தை போய்விட்டார். இரண்டு பக்கத் தாள் இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை.

அமீரகத்துக் கடைகளில் இன்னொரு பழைய முடிச்சு உண்டு. ஃப்ரீ ஸோனுக்கு வெளியே நிறுவனம் தொடங்கினால் 51 விழுக்காடு உள்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டும் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. அந்தப் பங்கு வெறும் பெயருக்கு என்று தனியே ஒரு மறைமுக ஒப்பந்தம் எழுதிக் கொண்டு ஆண்டுதோறும் கபீலுக்குத் தொகை கொடுத்து வந்தோம். அந்த மறைமுகத் தாள் நீதிமன்றத்தில் செல்லும் என்பதற்கு உறுதி கிடையாது. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவரே முழு உரிமை பெறலாம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய தாள்களை மாற்றாமல் அப்படியே நடத்துவோர் பலர். கபீல் நல்ல மனிதர் என்கிறார்கள். நல்ல மனிதர்தான், அவருக்கும் மௌத் உண்டு, அவருக்கும் வாரிசுகள் உண்டு. அந்த வாரிசுகளுக்கு நம்மைத் தெரியாது.

ஊரில் நிலம் வாங்கும் கதை இதற்குக் குறைந்ததன்று. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, வாரிசுரிமையாகப் பெறலாம். எனவே தென்னந்தோப்பைத் தம்பி பெயரில் வாங்குகிறார்கள். 2016இல் கடுமையாக்கப்பட்ட பினாமித் தடைச் சட்டத்தில் மனைவி, மக்கள் பெயரில் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. உடன்பிறந்தார் விஷயத்தில் அந்த விலக்கு, வாங்கியவரின் பெயரும் பத்திரத்தில் கூட்டாக இருந்தால்தான் கிடைக்கும். தம்பி பெயர் மட்டும் இருந்தால் அரசு அந்தச் சொத்தைப் பறிமுதல் செய்யவும் இடமுண்டு. உண்மையான உரிமையாளர் தாமே என்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் அச்சட்டம் வழிவிடுவதில்லை. இருபது ஆண்டுகள் பாலைவனத்தில் வெந்து சேர்த்த பணம் ஒரு பத்திரத்தின் முதல் பக்கத்தில் தொலைகிறது.

அடுத்தது பவர் பத்திரம். விடுமுறை கிடைக்காதவர் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு வாப்பாவுக்கோ மச்சானுக்கோ அனுப்பி வைக்கிறார். வெளிநாட்டில் எழுதிய அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். இந்த ஒரு விவரம் தெரியாமல் பீரோவில் கிடந்து செல்லாமல் போன பத்திரங்களுக்குக் கணக்கில்லை. பவர் கொடுத்தவர் இறந்தால், முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமையுள்ள விதிவிலக்கான சில நிலைகளைத் தவிர, பவரும் இறந்துவிடும். ஃபிக்ஹிலும் வகாலத்தின் சட்டம் இதுவே: வகாலத் கொடுத்தவர் மரணித்த கணம் சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது, வகீலுக்கு அதில் வேலை இல்லை. ஆயினும் தந்தை கப்ருக்குப் போன மறுவாரம் அவர் கொடுத்த பவரை வைத்து மனையை விற்ற மூத்த மகன்களைக் கண்டிருக்கிறோம். சகோதரிகளுக்குச் செய்தி விற்ற பிறகே தெரியும். நாட்டுச் சட்டத்தில் அது செல்லாத விற்பனை, மார்க்கத்தில் பிறர் சொத்தைப் பறித்த ஙஸ்பு. பவர் பத்திரத்தை மட்டும் நம்பி மனை வாங்குவோரும் கவனிக்க வேண்டும். பதிவு செய்த கிரயப் பத்திரமின்றி உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

கடன் வாங்கிவிட்டு ஊருக்கு ஓடி வருவோர் பற்றியும் சொல்லியாக வேண்டும். துபையில் பட்டதைத் துபையிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையால் அமீரக நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு அதற்கு வழி செய்கிறது. சிங்கப்பூர், மலேசியத் தீர்ப்புகளுக்கு இந்த வாய்ப்பு முன்பே இருந்தது. நாட்டுச் சட்டம் வராத காலத்திலும் மார்க்கம் வந்துகொண்டுதான் இருந்தது. கடனை விட்டுச் சென்றவரின் ஜனாஸாவை முன்னின்று தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்ற செய்தி நமக்குத் தெரியாததா? ஆனால் வியாபாரம் நொடித்து உண்மையிலேயே கட்ட முடியாதவர் இருக்கிறார். அவர் ஒளிய வேண்டியதில்லை. தவணை பேசவும், தள்ளுபடி கேட்கவும், சமாதான ஒப்பந்தம் எழுதவும் அங்கே ஒரு வழக்கறிஞரை அமர்த்தினால் போதும். ஒளிந்து வாழும் பத்தாண்டுகளை விட அந்தக் கட்டணம் மலிவானது.

எந்த வழக்கறிஞர் என்பதிலும் குழப்பம் நிறைய இருக்கிறது. மதுரையில் வாதாடுபவர் துபைச் சட்டத்துக்குப் பொறுப்பேற்க முடியாது. துபையிலுள்ளவர் மதுரை நீதிமன்றத்தில் நிற்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இந்தியாவுக்கு அவ்வப்போது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை சொல்லிச் செல்லலாமே தவிர இங்கே தொழில் நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பிறகு இந்திய வழக்கறிஞர் மன்றம் 2023இல் விதிகள் வகுத்து, 2025இல் அவற்றைத் திருத்தி, நீதிமன்றம் சாராத ஆலோசனைப் பணிகளுக்கு வரம்புடன் கதவைத் திறந்திருக்கிறது. அமீரகத்திலும் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமம் வேறு, ‘லீகல் கன்சல்டன்ட்’ என்ற பலகையின் உரிமம் வேறு. டைப்பிங் சென்டர் இவ்விரண்டில் எதுவும் இல்லை. நம்மவர்களில் பலர் நிறுவன ஒப்பந்தத்தையே அங்குதான் ‘அடித்து’ வாங்குகிறார்கள். முந்தைய வாடிக்கையாளரின் பெயரை நீக்கிவிட்டு நம் பெயரைச் சேர்த்த தாள் அது. இரு நாடுகளிலும் தொழிலோ சொத்தோ உள்ளவருக்கு இரு வழக்கறிஞர்கள் தேவை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும்.

மொழியும் ஒரு கண்ணி. துபையில் நிதி மையத்தின் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. மற்ற நீதிமன்றங்கள் பொதுவாக அரபியில் நடக்கின்றன. ஒப்பந்தம் இரு மொழிகளில் இருந்தால் அங்கே அரபி வாசகமே எடுபடும். அந்த அரபித் தாளை மடித்துக்கொண்டு பலர் ஆலிம்களிடம் வருகிறார்கள். ஹஜ்ரத், இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நமக்கு வாசிக்கத் தெரியும், பொருளும் புரியும். ஆனால் இக்கால வணிகச் சட்டத்தில் ஒரு சொல் எந்தப் பொறுப்பைக் கொண்டு வரும் என்பது ஹிதாயாவும் மின்ஹாஜும் ஓதியதால் தெரிந்துவிடாது. வாசித்துச் சொல்லிவிட்டு, உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரிடமும் வழக்கறிஞரிடமும் போகச் சொல்வதே ஓர் ஆலிமுக்கு அழகு. இதில் கௌரவம் பார்ப்பவர்கள் பிறருடைய சொத்தில் கௌரவம் பார்க்கிறார்கள்.

அதே சமயம் வழக்கறிஞர் எழுதியதெல்லாம் ஹலால் ஆகிவிடாது. கூட்டு ஒப்பந்தங்களில் நான் அடிக்கடி காணும் இரண்டு வாசகங்கள் உறுத்துகின்றன. முதலாவது, முதல் போட்டவருக்கு மாதம் இன்ன தொகை உறுதி, நட்டம் வந்தாலும் முதல் குறையாது என்பது. பெயர் முளாரபா, உள்ளே இருப்பது வட்டி. இலாபத்தில் விழுக்காடு பேசலாம். போட்ட முதலுக்கு உறுதி பேசக் கூடாது. வழக்கறிஞருக்கு இது தெரியாமலிருக்கலாம், தெரிந்தவரிடம் காட்டாமல் கையொப்பமிட்டது நம் குற்றம். இரண்டாவது, கூட்டாளி இறந்தால் அவருடைய மூத்த மகன் அவரிடத்தில் சேர்வார் என்பது. இந்தியக் கூட்டு வணிகச் சட்டம் 1932இன்படி, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால் ஒரு கூட்டாளியின் மரணத்தோடு நிறுவனம் கலைந்துவிடும். எனவே தொழில் தொடர ஏதேனும் எழுதத்தான் வேண்டும். ஆனால் நிர்வாகத்தை மகனுக்குக் கொடுப்பதும் உரிமையை அவருக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மகனின் பங்கில் பாதி, பெற்றோர் இருந்தால் அவர்களுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. இந்தப் பங்குகள் கடையின் பெயருக்கும் புகழுக்கும் உரிய மதிப்பையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். கல்யாணத்தில் நகை போட்டோமே என்று சொல்லிப் பெண்மக்களைக் கழித்துவிடும் வழக்கத்துக்கு அந்த ஒரு வரி பத்திர பலம் கொடுத்துவிடுகிறது.

நாமினி விஷயத்திலும் இதே மயக்கம். பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் அவற்றின் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார், வாரிசுச் சட்டமே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. நாமினி ஓர் அமானத்தைப் பெற்றுக் கொள்பவர். இது மார்க்கத்துக்குப் பொருந்திய தீர்ப்பு, அல்ஹம்துலில்லாஹ். சிங்கப்பூரில் ஷரீஅத் நீதிமன்றமே வாரிசுகளையும் அவர்களுடைய பங்குகளையும் குறித்துச் சான்றிதழ் தருகிறது. அங்கே தொழில் உள்ள குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள் என்ற கூச்சம்தான் எல்லாவற்றையும் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களை விட நம்பிக்கைக்குரியவர் யார்? அத்தா இப்னு காலித் (ரலி) அவர்களோடு நபியவர்கள் செய்த விற்பனையொன்று எழுத்தில் இருந்ததைத் திர்மிதீ பதிவு செய்கிறார். விற்ற பொருளில் குறையோ ஏமாற்றோ இல்லை என்ற உறுதியும் அதில் இருந்தது. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஆடு வாங்கிவர அனுப்பினார்கள். அவர் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். முகவரை அனுப்புவது சுன்னத்தில் உள்ள விஷயம். அலீ (ரலி) அவர்கள் வழக்குகளுக்குத் தாமே போவதை விரும்பாமல் தம் சகோதரர் அகீலையும், அவர் முதிர்ந்தபின் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபரையும் வகீலாக நியமித்தார்கள். ஹிஜ்ரி 321இல் மறைந்த இமாம் தஹாவீ (ரஹ்) பத்திரங்களின் வாசகங்களை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கென்றே நூல்கள் எழுதினார். ஷுரூத் என்று அக்கலைக்குப் பெயர். எந்தச் சொல்லுக்கு எந்த காழி என்ன பொருள் கொள்ளக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதும் வேலை அது. இக்கால ஒப்பந்த வழக்கறிஞர் செய்வதும் அதையே.

ஒரே வழக்கறிஞரை இரு கூட்டாளிகளும் வைத்துக் கொள்ளலாமா என்ற கேள்வி செலவைக் குறைக்க நினைப்போரிடமிருந்து வருகிறது. ஹனஃபி மத்ஹபில் நிக்காஹுக்கு ஒருவரே இரு தரப்புக்கும் வகீலாக இருக்கலாம். விற்பனையில் அப்படி இருக்க முடியாது, ஏனெனில் விலை கூட வேண்டும் என்பவருக்கும் குறைய வேண்டும் என்பவருக்கும் ஒரே நாவு பேச இயலாது. அந்தக் காரணம் கூட்டு ஒப்பந்தத்துக்கும் பொருந்துகிறது. பேசி முடித்த நிபந்தனைகளைத் தாளில் ஏற்றுவதற்கு மட்டுமானால் ஒருவர் போதும். பேச வேண்டிய இடத்தில் ஆளுக்கு ஒருவர் வேண்டும்.

கட்டணம் அதிகம் என்ற முறையீடு சிறு கடைக்காரருக்கு நியாயமானதே. அபூதபி, துபை நிதி மையங்களில் அமர்ந்திருக்கும் பெரிய நிறுவனங்கள் அவருக்கானவை அல்ல. தனியாக நடத்தும் உரிமம் பெற்றவர்கள் உண்டு. எவ்வளவு, எதற்கு, எப்போது என்று கட்டணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். எழுதுபவருக்கும் சாட்சிக்கும் இடர் தரக் கூடாது என்று அதே 282ஆம் வசனம் சொல்வதைக் கவனியுங்கள். வேலையை வாங்கிக்கொண்டு, நம்ம ஊர்ப் பிள்ளைதானே என்று கூலியை இழுத்தடிப்பது அந்த இடரில் சேரும். ஊர் ஜமாஅத்துகளும் சங்கங்களும் ரமளானில் சபுராளிகள் விடுமுறையில் வந்திருக்கும் நாட்களில் ஓர் ஆலிமையும் இரு நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர்களையும் ஒரே மேசையில் அமர்த்தலாம். லைசென்ஸ் நகல், நிறுவன ஒப்பந்தம், பவர் பத்திரம், நாமினி விவரம், கொடுத்த கடன், வாங்கிய கடன் இவற்றை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.